மோட்டாரின் வயிற்றுக்கு ஒரு தகடு

இ-மவுண்டன் பைக்கின், அதாவது மின்மோட்டார் துணையோடு மிதிக்கும் மலைச் சைக்கிளின், மோட்டாருக்கு அடியில் தகடு போடலாம் என்று பேச்செடுத்தால் போதும், "மூணு மில்லி அலுமினியம் வாங்கி வளைச்சுப் போடுங்க, ஆயுசுக்கும் கவலையில்லை" என்று பதில் வந்துவிடும். கொஞ்சம் கையில் காசு புரள்பவர்கள் கார்பன் ஃபைபர் என்பார்கள். கேட்பதற்கு இரண்டுமே சரியாகத்தான் இருக்கின்றன. பாறை கெட்டி, ஆகவே பாறைக்கும் மோட்டாருக்கும் நடுவே இன்னொரு கெட்டிப் பொருள். மோதிய பிறகு தகட்டில் வெறும் கீறல்தான், நெளியவே இல்லை என்று படம் எடுத்துப் போட்டுப் பெருமைப்படுகிறார்கள். நெளியாத தகடு தான் வாங்கிய அடியை யாரிடம் கொடுத்தது என்பதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும் கேள்வி. அதைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை. வெட்டுவது, வளைப்பது, துளை போடுவது எல்லாம் நடுநடுவே வரும்.

நடு மோட்டார் வண்டிகளில் மொத்த இயந்திரமும் பெடல் அச்சைச் சுற்றியே உட்கார்ந்திருக்கிறது. 2020 மாடல்களில் வந்த நான்காம் தலைமுறை பாஷ் சிஎக்ஸ் மோட்டார் 2.9 கிலோ, ஷிமானோ இபி8 மோட்டார் 2.6 கிலோ. இவ்வளவு எடை குறைந்ததற்கு ஒரு காரணம், வெளிக்கூடு மக்னீசியம் கலவையில் வார்க்கப்பட்டது. மக்னீசியத்தின் அடர்த்தி 1.74, அலுமினியத்தின் அடர்த்தி 2.7. எடையில் லாபம், ஆனால் வார்ப்பு மக்னீசியம் அடி வாங்கினால் நெளிந்து தப்பிக்கும் குணம் குறைவு. விரிசல் விடவே விரும்பும். இந்தக் கூட்டுக்குள்தான் கியர்களும் பேரிங்குகளும் மின்சுற்றுப் பலகையும் இருக்கின்றன. கூட்டில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்தால் தண்ணீர் உள்ளே போகும். பெரும்பாலும் கூட்டை மட்டும் தனியாக மாற்ற முடியாது, மோட்டாரையே மாற்றச் சொல்வார்கள்.

இப்போது உயரத்தைப் பாருங்கள். இவ்வகை வண்டிகளில் பெடல் அச்சு தரையிலிருந்து சுமார் 345 மி.மீ. உயரத்தில் இருக்கும். பெடலோடு சுழன்று செயினை இழுக்கும் பல்சக்கரமான செயின்ரிங் 34 பல் என்றால், அதன் ஆரம் ஏறக்குறைய 69 மி.மீ. (செயின் கண்ணிகளின் 12.7 மி.மீ. இடைவெளியை 34 ஆல் பெருக்கி, 2π ஆல் வகுத்தால் வந்துவிடும்). ஆக, செயின்ரிங்கின் அடி தரையிலிருந்து 276 மி.மீ.; மோட்டாரின் வயிறும் அதையொட்டியே தொங்குகிறது. ஏறி உட்கார்ந்ததும் பின்சக்கர அதிர்வுதாங்கியான ஷாக் அமுங்கி இதில் சில சென்டிமீட்டர் போய்விடும். இத்தாலியின் கார்டா ஏரிக்கு மேலே டோர்போலே நோக்கி இறங்கும் 601 தடம் போல சுண்ணாம்புப் பாறைப் படிக்கட்டுகள் அடுக்கிய இடங்களில், முன்சக்கரம் படியை விட்டு இறங்கிய பிறகும் பின்சக்கரம் மேலேயே இருக்கும் அந்த ஒரு கணத்தில் வயிறு படியின் விளிம்பைத் தொடத்தான் செய்யும். தொடாமல் ஓட்டுவது பற்றிப் பேசுவதில் பயனில்லை. தொடும்போது என்ன ஆகிறது என்பதுதான் பேச வேண்டியது.

இரண்டு மில்லியும் பத்து மில்லியும்

ஓட்டுபவரின் எடையை விட்டுவிடுவோம். அவர் கால்களில் நின்றுகொண்டிருக்கிறார், அவருடைய முழங்கால்கள் கொஞ்சம் உதவும். சக்கரங்களைக் கழித்துவிட்டு ஃபிரேம், மோட்டார், பேட்டரி என்று 20 கிலோ மட்டும் வைத்துக்கொள்வோம். இந்த 20 கிலோ பத்து சென்டிமீட்டர் விழுந்து பாறை விளிம்பில் உட்காருகிறது. ஆற்றல் சுமார் 20 ஜூல். பெரிய எண்ணே இல்லை. ஆனால் அந்த 20 ஜூல் எவ்வளவு தூரத்துக்குள் நிற்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விறைப்பான தகடு மோட்டாரோடு ஒட்டி இறுகியிருந்து, எல்லாமாகச் சேர்ந்து 2 மி.மீ. மட்டும் விட்டுக்கொடுத்தால், சராசரி விசை 10,000 நியூட்டன். ஒரு டன் எடையை வைத்து அழுத்துவது போன்றது. அதுவே தகடு பாலம் போல இரு முனைகளில் ஃபிரேமில் தாங்கி நின்று, நடுவில் 10 மி.மீ. தொய்ந்து கொடுத்தால் 2,000 நியூட்டன். ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் மோட்டார் கூட்டின் மேல் விழவில்லை, ஃபிரேமின் குழாய்களில் போய் இறங்குகிறது.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தவுடன் கேள்வியே திரும்பிவிடுகிறது. எந்தத் தகடு உடையாது என்று தேடுவதை விட்டுவிட்டு, எந்தத் தகடு தொய்ந்து பழைய இடத்துக்குத் திரும்பும், தொய்வதற்கு இடம் இருக்கிறதா, விசை எந்த வழியாக எங்கே இறங்குகிறது என்று தேட ஆரம்பிக்கிறோம். அலுமினியத்தை இங்கே முழுசாகத் தள்ளிவிட முடியாது. இடைவெளி விட்டு, ஃபிரேமில் மட்டும் தாங்கவைத்தால் அதுவும் வேலை செய்யும். ஆனால் அலுமினியம் நெளிந்தால் நெளிந்ததுதான். 6 மி.மீ. இடைவெளி விட்டு மாட்டிய தகடு ஒரு பெரிய அடியில் 6 மி.மீ. உள்ளே போய்விட்டால், இடைவெளி தீர்ந்துபோனது வெளியிலிருந்து தெரியாது. அடுத்த அடி நேராக மோட்டாருக்கு. தகடு இருக்கிறது என்ற தைரியத்தில் கொஞ்சம் அசட்டையாகவும் ஓட்டியிருப்போம்.

செங்குத்து அடி பாதிக் கதைதான். மீதிப் பாதி இழுப்பு. விளிம்பில் உட்கார்ந்த வண்டி முன்னே போய்க்கொண்டேயிருக்கிறது. பாறை முனை அலுமினியத்தில் குழி பறித்துக் கவ்விக்கொள்ளும். வண்டி சட்டென்று நிற்கும், ஆள் ஹேண்டிலுக்கு மேலே போவார். பாலிஎத்திலீன் அதே முனையில் மெழுகு போல இழைந்து, ஒரு சீவலை மட்டும் விட்டுக்கொடுத்து நழுவிவிடும். கடும் என்டூரோ மோட்டார்சைக்கிள் உலகத்தில் பலர் அலுமினிய அடித்தகட்டை விட்டுத் தடித்த பாலிஎத்திலீனுக்குப் போனதற்கு இதுதான் காரணம். மரக்கட்டையின் மேலோ பாறை மேலோ வயிற்றால் சறுக்கிப் போவது அவர்களுக்கு அன்றாட வேலை.

எதில் வெட்டுவது

என் தேர்வு 5 மி.மீ. ஹெச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) ஷீட். ஐரோப்பியக் கடைகளில் பிஇ 300 என்றால் அதுதான். பிஇ 1000 என்று விற்கும் மிகு மூலக்கூறு எடை வகை தேய்மானத்தில் இதைவிடப் பல மடங்கு மேல். ஆனால் சூடாக்கினாலும் இளகி ஓடாது, வீட்டில் வளைத்து உருவாக்க ஒத்துழைக்காது. தட்டையான சறுக்குப் பட்டையாக அடியில் ஒட்டவைத்துத் திருகுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். 500க்கு 500 மி.மீ. ஹெச்டிபிஇ ஷீட் ஒன்று வாங்கினால் இரண்டு தகடுகள் வரும். 300க்கு 250 மி.மீ. துண்டு 5 மி.மீ. தடிப்பில் சுமார் 355 கிராம். அதே அளவில் 3 மி.மீ. அலுமினியம் 600 கிராம். எடைக்காகக் கவலைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

சமையலறையின் வெள்ளை வெட்டுப்பலகையும் பெரும்பாலும் ஹெச்டிபிஇதான். ஆனால் 8, 10 மி.மீ. தடிப்பில் வரும், வளைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நம்மூரில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல நிற ட்ரம்மும் ஹெச்டிபிஇ. சுவர் மூன்று நான்கு மி.மீ. இருக்கும், மலிவு, ஏற்கெனவே கொஞ்சம் வளைந்தும் இருக்கும். அதில் முன்பு என்ன ரசாயனம் இருந்தது என்று தெரியாவிட்டால் மட்டும் தொடாதீர்கள். சூடாக்கும்போது அது ஆவியாக மூக்குக்குத்தான் வரும். 110 மி.மீ. பிவிசி குழாயைப் பிளந்து சூடாக்கித் தட்டையாக்கிச் செய்பவர்களும் உண்டு. சுலபமாக வளையும் என்பது உண்மை. குளிரில் கண்ணாடி போல நொறுங்கும் என்பதும், சூடு மிஞ்சினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும் என்பதும் உண்மை. வேண்டாம்.

பாலிகார்பனேட் பலருக்குப் பிடித்த பொருள். சுத்தியலால் அடித்தாலும் உடையாது என்பார்கள். அதற்கு ஒரு ரகசிய எதிரி இருக்கிறது: போல்ட் தானாகக் கழலாமல் இருக்க அதன் மரையில் தடவும் நூல்பூட்டுப் பசை. அந்தப் பசை பாலிகார்பனேட்டிலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கிலும் பட்டால், இறுக்கத்தில் இருக்கும் துளையைச் சுற்றி நுண்விரிசல்கள் கிளம்பும். ஒரு நாள் தகடு துளையோடு பிய்ந்து கையில் வரும். பாலிஎத்திலீனுக்கு அந்தப் பயம் இல்லை. 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரிண்டர் பிளாஸ்டிக்குகளில் பிஎல்ஏ 60 டிகிரியில் இளகிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளேயே அது நடக்கும். பிஇடிஜி பரவாயில்லை, ஆனால் அடுக்கு அடுக்காகப் பிளக்கும். பிரிண்டரை மூலைக் காப்பு, ஸ்பேசர், ரப்பர் போன்ற டிபியூ மெத்தை ஆகியவற்றுக்கு வைத்துக்கொண்டு வயிற்றுக்கு ஷீட்டையே பயன்படுத்துவது நல்லது.

கார்பன் ஃபைபரைப் பற்றி ஒன்றே ஒன்று. கார்பன் மின்சாரம் கடத்தும். மக்னீசியம், வண்டிகளில் பயன்படும் உலோகங்களிலேயே மிக எளிதாக அரிக்கப்படுவது. குளிர்காலத்தில் உப்புத் தூவிய சாலை, ஈரம், மக்னீசியக் கூட்டின் பெயின்ட் உரிந்த ஒரு புள்ளி, அதைத் தொட்டுக்கொண்டு கார்பன் தகடு: இது ஒரு சின்ன மின்கலம். கூடு வெள்ளைப் பொடியாகக் கரையும். ஸ்டெயின்லெஸ் போல்ட் நேரடியாக மக்னீசியத்தைத் தொட்டாலும் இதே கதைதான்.

மாவுக்கட்டும் அச்சும்

முதலில் பேட்டரியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். தொழிற்சாலை போட்ட பிளாஸ்டிக் அடிமூடி இருந்தால் அதையும் கழற்றி, அதன் திருகுகள் எந்தெந்தத் துளைகளில் இருந்தன, எவ்வளவு நீளம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் துளைகள்தான் நமக்குச் சொத்து. பெரும்பாலும் அவை ஃபிரேமில் இருக்கும், மோட்டாரில் இருக்காது. மோட்டாரைச் சுத்தமாகத் துடைத்து, சமையலறை ஒட்டுப்படலத்தால் இரண்டு சுற்று சுற்றுங்கள். அதன் மேல் 5 மி.மீ. ஈவிஏ ஃபோம் ஷீட்டை வெட்டி டேப்பால் ஒட்டுங்கள். இது தகட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவே நாம் விடப்போகும் இடைவெளி. அடி நடுவில், பாறை அதிகம் தொடும் இடத்தில், இரண்டு அடுக்கு வைத்தால் 10 மி.மீ. கிடைக்கும். தரை உயரம் குறைகிறதே என்று இதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. மேலே போட்ட கணக்கில் ஐந்தில் ஒரு பங்காக விசை குறைந்தது இந்த இடைவெளியால்தான்.

எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு போடும் பேண்டேஜ் மருந்துக் கடையில் கிடைக்கும். 10 செ.மீ. அகலத்தில் இரண்டு சுருள் போதும். நனைத்து, ஐந்து அடுக்கு, குறுக்கும் நெடுக்குமாக. அரை மணி நேரத்தில் கழற்றும் அளவுக்கு இறுகிவிடும். கழற்றிய ஓட்டின் உள்பக்கம் வாஸ்லைன் தடவி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றினால் மோட்டாரின் அடி வடிவம் கட்டியாக வந்துவிடும். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஈரமான அச்சின் மேல் சூடான ஷீட்டை வைத்தால் நீராவி கிளம்பி ஷீட்டைத் தூக்கும். இவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்பவர்கள் அட்டைப்பெட்டியில் வடிவம் வெட்டி, இரண்டு நேர்கோட்டு மடிப்புகளில் வேலையை முடிக்கலாம். அடிப்பகுதி தட்டையாக உள்ள ஃபிரேம்களுக்கு அதுவே தாராளம். எப்படியானாலும் சூடான ஷீட்டை மோட்டாரின் மேலேயே அழுத்தி வடிவம் எடுக்காதீர்கள். 150 டிகிரிப் பிளாஸ்டிக்கை ஆயில் சீல்களின் மேல் படுக்கவைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

ஹெச்டிபிஇ இளகுவது சுமார் 130 டிகிரியில். நிறம் சேர்க்காத வெள்ளை ஷீட் வாங்குவதில் ஒரு பெரிய வசதி உண்டு: பால் போல் மங்கலாக இருப்பது, வளையும் பதம் வந்ததும் கண்ணாடி போல் தெளிந்துவிடும். தெர்மாமீட்டரே வேண்டாம். கறுப்பு ஷீட்டில் இந்த அடையாளம் கிடைக்காது. பளபளப்பு வருவதையும், ஓரம் தானாகத் தொங்குவதையும் வைத்து ஊகிக்க வேண்டும். பழைய ஓவன் ஒன்று இருந்தால் 150 டிகிரியில், பேக்கிங் தாளின் மேல் வைத்து, பத்து முதல் பதினைந்து நிமிடம். ஹீட் கன் என்றால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, முனையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே பக்கம் காட்டினால் மேற்பரப்பு கருகும், நடு இன்னும் விறைப்பாகவே இருக்கும். வளைத்த இடம் பிறகு மெல்ல மெல்லத் திரும்பிவிடும். மெழுகுவர்த்தி அணைத்த வாடை வந்தால் சூடு அதிகம் என்று பொருள்.

தடித்த தோல் கையுறையோடு ஷீட்டை அச்சின் மேல் வைத்து, மேலே பழைய கம்பளியும் மணல் மூட்டையும் போட்டு அழுத்துங்கள். இருபது நிமிடம் அப்படியே கிடக்கட்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் ஒரு பக்கம் முந்திக்கொண்டு சுருங்கித் தகடு முறுக்கிக்கொள்ளும். இந்தப் பிளாஸ்டிக் ஆறும்போது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். ஆகவே சுற்றிலும் 15 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டி, வளைத்து ஆறிய பிறகுதான் சரியான அளவுக்கு வெட்ட வேண்டும். துளைகளும் அப்படியே, கடைசியில். மடிப்புக் கோணம் கொஞ்சம் திரும்பும் என்பதால் ஐந்தாறு டிகிரி கூடுதலாக மடித்து வையுங்கள். வெட்டுவதற்கு ஜிக் ஸாவில் மரத்துக்கான பெரிய பல் பிளேடு, குறைந்த வேகம். வேகம் கூடினால் வெட்டிய இடமே உருகிப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். ஓரங்களைக் கத்தியால் சீவி, அரத்தால் உருட்டி விடுங்கள். கூர் ஓரத்தில் விழும் சின்ன வெட்டுகளிலிருந்துதான் கிழிசல் தொடங்கும்.

போல்ட் விஷயம்

வீட்டில் செய்யும் தகடுகள் அதிகம் சொதப்புவது இங்கேதான். மோட்டாரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் பெரிய போல்ட்டுகள் கண்ணுக்கு எடுப்பாக இருக்கும்; அவற்றைக் கழற்றி, நீளமான போல்ட் போட்டு, தகட்டுக்கான பிராக்கெட்டையும் அதிலேயே கோர்த்துவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் தகடு வாங்கும் ஒவ்வொரு அடியும் மோட்டாரின் காதுகளுக்கு, அதாவது அந்தப் போல்ட்டுகள் நுழையும் கூட்டின் நீட்சிகளுக்கு, நேராகப் போகும். நாம் எதைத் தடுக்க இவ்வளவு பாடுபட்டோமோ அதையே ஒரு பிராக்கெட் மூலம் ஏற்பாடு செய்து கொடுத்தது போலாகிவிடும். மோட்டாரின் பக்கமூடித் திருகுகள் இன்னும் மோசம்; அவை உள்ளே இருக்கும் கேஸ்கட்டை அழுத்திப் பிடித்திருப்பவை. ஒன்றைத் தொட்டாலும் தண்ணீர்த் தடுப்பும் உத்தரவாதமும் சேர்ந்தே போகும்.

தொழிற்சாலை மூடிக்கு இருந்த எம்4 அல்லது எம்5 (4 அல்லது 5 மி.மீ. போல்ட்) துளைகளையே பயன்படுத்துங்கள். போல்ட் நீளத்தை அளந்தே போட வேண்டும்: பழைய மூடியைவிட நம் தகடு எத்தனை மி.மீ. கூடுதல் தடிப்போ அவ்வளவு மட்டும் கூட்டலாம். பல ஃபிரேம்களில் அந்தத் துளைக்குப் பின்னாலேயே பிரேக் ஹோஸும் வேக சென்சார் வயரும் போகின்றன. 4 மி.மீ. கூடுதலாக உள்ளே நீண்ட ஒரு போல்ட் ஹோஸை அரித்து, பல நாள் கழித்து ஒரு இறக்கத்தில் பிரேக் லீவர் காற்றாகிப் போவதற்குக் காரணமாகலாம். துளையே இல்லாத ஃபிரேம் என்றால், கீழ்க்குழாயில் ரப்பர் உறையிட்ட பி-கிளாம்ப் (குழாயைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்) இரண்டு முன்னால். பின்னால், அசையும் இணைப்புகளுக்கு முன்பே முடிந்துவிடும் ஏதாவது ஒரு நிலையான இடத்தில் அகலமான பட்டை. ஃபிரேமில் புதுத் துளை போடாதீர்கள், கார்பன் ஃபிரேமில் கனவிலும் போடாதீர்கள்.

பாலிஎத்திலீனுக்கு இரண்டு கெட்ட பழக்கங்கள். ஒன்று, அழுத்திப் பிடித்தால் காலப்போக்கில் தளர்ந்து கொடுக்கும். இன்று இறுக்கிய போல்ட் அடுத்த மாதம் லூஸ். இரண்டு, வெப்பத்துக்கு மிகவும் விரியும். 300 மி.மீ. நீளத் தகடு 40 டிகிரி வித்தியாசத்தில் ஏறக்குறைய 1.8 மி.மீ. நீளும், அலுமினிய ஃபிரேம் அதே தூரத்தில் 0.3 மி.மீ.கூட நீளாது. இரண்டுக்கும் ஒரே மருந்து: போல்ட் பிளாஸ்டிக்கை இறுக்காமல், துளைக்குள் நிற்கும் ஒரு அலுமினிய புஷ்ஷை, அதாவது குட்டிக் குழாயை, இறுக்க வேண்டும். 8 மி.மீ. வெளிவிட்டம், எம்5 போல்ட் தாராளமாக நுழையும் உள்விட்டம் உள்ள குழாயில் 6 மி.மீ. நீளத் துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். தகடு 5 மி.மீ., அதன் மேல் ஒன்றரை மி.மீ. ரப்பர் வாஷர், அதற்கு மேல் 20 மி.மீ. அகல வாஷர். இறுக்கும்போது ரப்பர் அரை மி.மீ. அமுங்கி புஷ்ஷில் போய் நிற்கும். முன் துளைகள் 9 மி.மீ. வட்டம், பின் துளைகள் 9க்கு 12 நீள்துளை, வண்டியின் நீளவாக்கில். நடுத்தர வலிமை நூல்பூட்டுப் பசை ஒரு சொட்டு, எம்5க்கு 4 நியூட்டன் மீட்டர் போதும். ஃபிரேம் கையேடு இதைவிடக் குறைவாகச் சொன்னால் அதையே கேளுங்கள்.

போல்ட் தலைகள் வயிற்றின் அடியில் வரக் கூடாது, பக்கச் சுவர்களில் வர வேண்டும். அடியில் வைத்தே தீர வேண்டுமானால், இரு பக்கமும் 10 மி.மீ. தடிப்பில் சறுக்குப் பட்டை வைத்து, தலைகள் அவற்றுக்கு நடுவே ஒதுங்கியிருக்கும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் பாறை அறுகோணக் குழியைத் தேய்த்துவிடும், பிறகு ட்ரில் போட்டுத்தான் கழற்ற வேண்டும். முன் ஓரம் கீழ்க்குழாயின் காப்புக்கு உள்பக்கமாகச் செருகியிருக்கட்டும். கூரை ஓடு வேய்வது மாதிரி, முன்னால் இருப்பது பின்னால் இருப்பதன் மேல் படிந்திருந்தால் எந்த முனையும் பாறையை எதிர்த்து நிற்காது. பின்னால் இருக்கும் இரண்டு போல்ட்டுகளை நைலானில் போடுவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. வண்டி பின்னோக்கிச் சரியும்போது தகட்டின் வால் ஒரு வேரில் மாட்டினால், நைலான் அறுந்து தகடு தொங்கும். எஃகு போல்ட் அறாது. ஃபிரேமில் பதித்த நட்டே பிடுங்கிக்கொண்டு சுழலும். சில ரூபாய் போல்ட் போனால் போகட்டும்.

சூடு, சேறு, கல்

தகடு போட்டால் மோட்டார் சூடாகிவிடாதா என்பது எல்லோரும் கேட்பது. கணக்கைப் பார்க்கலாம். நீண்ட ஏற்றத்தில் மோட்டார் 300 வாட் வெளியே தருகிறது, திறன் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 75 வாட் வெப்பமாக உள்ளே தங்குகிறது. ஒரு பழைய குண்டு பல்பு அளவு. அது மோட்டாரின் தோல் வழியாகவும், போல்ட்டுகள் மூலம் ஃபிரேமுக்கும் போக வேண்டும். உங்கள் வண்டியில் தொழிற்சாலையே மூடிய பிளாஸ்டிக் வயிறு வைத்திருந்தால், அதை எடுத்துவிட்டு இன்னொரு பிளாஸ்டிக் போடுவதில் சூட்டு நிலவரம் பெரிதாக மாறப்போவதில்லை. மோட்டார் திறந்தே தொங்கும் ஃபிரேம் என்றால் மட்டும் யோசிக்க வேண்டும். பக்கச் சுவர்களைத் தாழ்வாக வெட்டி, மேலே காற்று போகும்படி விடுங்கள். அளவு மீறிச் சூடானால் மோட்டாரே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். தகடு போட்ட பிறகு அதே ஏற்றத்தில் அந்தத் தளர்ச்சி முன்கூட்டியே வந்தால் சுவரை இன்னும் வெட்ட வேண்டும் என்று அர்த்தம்.

உண்மையில் சூட்டைத் தடுப்பது தகடு இல்லை, அதற்குள் திணிக்கும் ஃபோம். இடைவெளி முழுவதையும் ஃபோமால் நிரப்பினால் மோட்டாருக்குக் கம்பளி போர்த்திய மாதிரி. அடி பட்டுத் தகடு முழுக்கத் தொய்ந்தால் மோட்டாரைத் தொடும் இடத்தில் மெத்தை வேண்டும், அவ்வளவுதான். 25 மி.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகள், குறுக்காக, வயிற்றின் அடியில் ஓடிப் பக்கச் சுவர்கள் வரை. தண்ணீர் குடிக்காத ஃபோமாக இருக்க வேண்டும்: ஒரு துண்டை நீருக்குள் அமுக்கிப் பிழிந்து பாருங்கள், நீர் சொட்டினால் அது ஸ்பாஞ்ச், தூக்கிப் போடுங்கள். ஈர ஸ்பாஞ்சை மக்னீசியத்தோடு கட்டிவைப்பது அரிப்புக்கு அழைப்பிதழ் அடிப்பதுதான். பாலிஎத்திலீனில் எந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது. இரட்டைப் பக்க டேப் முதல் மழையிலேயே உரியும். பக்கச் சுவரில் 3 மி.மீ. துளைகளை இரண்டிரண்டாகப் போட்டு, மெல்லிய கேபிள் டையால் பட்டையைத் தைத்துவிடுங்கள்.

சேறுதான் மெதுவாகக் கொல்லும் விஷயம். நான்காம் தலைமுறை சிஎக்ஸ் மோட்டாருக்கு பாஷ் கையேடு ஐபி54 என்கிறது. தூசியும் எல்லாத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீரும் தாங்கும். மூழ்குவதையும் வேகமாகப் பீய்ச்சும் நீரையும் அது குறிக்காது. வடிகால் இல்லாத தகடு ஒரு தொட்டி. ஆற்றைக் கடந்தால் அரை லிட்டர் நீரோடு வீடு வரும். மிகத் தாழ்ந்த இடத்தில் 12 மி.மீ. துளை மூன்று. அதைவிடச் சின்னதானால் களிமண் அடைக்கும், மிகப் பெரிதானால் கல் ஏறி உட்காரும். முன்சக்கரத்தின் பின்புறம் மேல்நோக்கிச் சுழல்வதால் கல்லும் சேறும் முன்னாலிருந்துதான் தகட்டைத் தேடி வருகின்றன. ஆகவே முன்னே இறுக மூடி, பின்னே 15, 20 மி.மீ. திறந்து விடுங்கள். தகட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு சரளைக்கல் மாட்டினால், அடுத்த அடி முழுக்க அந்த ஒரு முனையில் குவியும். தகடே இல்லாமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது. நான்கே போல்ட்டில் கழன்று வரும்படி செய்யச் சொல்வது இதற்காகத்தான். சேற்றில் ஓட்டிய பிறகு கழற்றி, வாளித் தண்ணீரும் பிரஷும். பிரஷர் வாஷரைப் பின் திறப்புக்குள் நுழைத்துப் பீய்ச்சுவது கண்ணுக்குச் சுத்தம், பெடல் அச்சின் சீல்களுக்கு நாசம்.

மாட்டி முடித்ததும் ஓட்டிப் பார்க்கும் முன், ஷாக்கின் காற்றை முழுக்க இறக்கிவிட்டுப் பின்சக்கரத்தை மேலே தள்ளுங்கள். இணைப்புத் தண்டோ சக்கரமோ தகட்டின் வாலைத் தொடுகிறதா என்று இதில்தான் தெரியும். வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது எல்லாம் அழகாக விலகியே இருக்கும். செயின்ரிங்கிலிருந்தும் செயினிலிருந்தும் 5 மி.மீ. குறையாமல் வேண்டும். வலப்பக்கப் பின்மூலையை நன்றாகச் சரித்து வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் துள்ளும் செயினின் கீழ்வரிசை அங்கேதான் அடிக்கும், மாட்டிக்கொண்டால் செயின் அறும். பிறகு இறக்கத்தில் லொடலொடவென்று சத்தம் கேட்டால் உடனே தகட்டைக் குறை சொல்ல வேண்டாம். நான்காம் தலைமுறை சிஎக்ஸிலும் இபி8லும் உள் கியர்கள் அப்படிச் சத்தம் போடுவது பலரும் பேசி அலுத்த விஷயம். பெடலை லேசாக முன்னோக்கி அழுத்திப் பிடித்தபடி இறங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் கியர், நிற்காவிட்டால் தகடு.

அடியில் விழும் கோடுகள் 2 மி.மீ. ஆழம் தாண்டினால் இரண்டாவது தகட்டை வெட்டும் நேரம். அச்சும் மீதி ஷீட்டும் கையில் இருந்தால் அது ஒரு மாலை வேலை. பெரிய அடி ஏதாவது விழுந்த அன்று தகட்டைக் கழற்றி, அதை விட்டுவிட்டு ஃபிரேமைப் பாருங்கள்: தகட்டின் போல்ட் துளைகளைச் சுற்றிப் பெயின்ட்டில் மெல்லிய கோடு, பதித்த நட் தன் இடத்தில் சுழல்வது, மோட்டார் காதுகளுக்கு அருகே புதிதாகத் தெரியும் வெள்ளைப் பொடி. மோட்டார் போல்ட்டுகளின் இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் ஃபிரேம் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிபார்த்துவிட்டு, சுத்தமான துணியால் மோட்டாரின் அடியைத் துடைத்து, எண்ணெய்ப் பசை தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகு பேட்டரியை மாட்டுங்கள்.